ஒட்டோ ரேஹாகல் எங்கே வென்றார், எங்கே தோற்றார்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மன் கால்பந்துப் பயிற்சியாளர் ஒட்டோ ரேஹாகல் பழைய காலத்து ஆள், 2004இல் கிரீஸோடு சேர்ந்து அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர் பார்த்த வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கும். இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த அணியை அடுத்த ஆண்டே ஜெர்மன் சாம்பியன் ஆக்கியவர் அவர் ஒருவர்தான். பெரிய போட்டித் தொடர் எதிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயித்திராத நாட்டுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதே மனிதர், நட்சத்திரங்கள் குவிந்திருந்த பயர்ன் மியூனிக்கில் ஒரு சீசனைக்கூட முடிக்க முடியாமல் வெளியேற்றப்பட்டார்.

ஆட்டத்தை அவர் நடத்திய முறை முப்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. மாறியது அவருக்கு வேலை கொடுத்தவர்கள், அவருக்குக் கிடைத்த அதிகாரம், யாரை வைத்து ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமை, காத்திருக்கக் கிடைத்த காலம். இந்த ஆய்வு அந்தக் கோணத்திலிருந்து அவருடைய பணிகளைப் பார்க்கிறது.

ஆடிய காலம்

1938 ஆகஸ்ட் 9ஆம் தேதி எஸ்ஸெனில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கப் பகுதி அது. இளமையில் கற்ற தொழில் வண்ணப்பூச்சு. உள்ளூர் அணியான ரோட்-வைஸ் எஸ்ஸெனில் ஆடிவிட்டு 1963இல் ஹெர்தா பெர்லினுக்குப் போனார். ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான பன்டஸ்லிகா தொடங்கிய முதல் நாளிலேயே களத்தில் இருந்தார். ஹெர்தாவுக்காக 53, 1966 முதல் 1972 வரை கைசர்ஸ்லாட்டர்னுக்காக 148, ஆக 201 பன்டஸ்லிகா ஆட்டங்கள். தேசிய அணியின் முதல் வரிசைக்கு அவர் எட்டவில்லை. எதிரணி முன்கள வீரரை ஆட்டம் முழுவதும் நிழல்போலத் தொடர்ந்து, உடலோடு உடல் மோதிப் பந்தைப் பிடுங்கும் முரட்டுத் தடுப்பாட்டக்காரர். பின்னாளில் பயிற்சியாளராக அவர் எதை முதலில் கவனித்தார் என்பதற்கான விடை இங்கேயே இருக்கிறது.

ஊர் ஊராக அலைந்த ஒன்பது ஆண்டுகள்

1972இல் சார்ப்ரூக்கனில் தொடங்கி ஆஃபன்பாக், பிரெமன் (1976இல் சில மாதங்கள்), டார்ட்முண்ட், பீலஃபெல்ட், டியூசல்டார்ஃப் என்று 1981 வரை எங்கும் நிலைக்கவில்லை. டியூசல்டார்ஃப் அணியோடு 1980இல் ஜெர்மன் கோப்பையை வென்றார். ஆனால் அந்தக் காலத்தில் ஊரே நினைவு வைத்திருந்தது வேறொரு ஆட்டத்தை.

1978 ஏப்ரல் 29, சீசனின் கடைசி நாள். மோன்ஷென்கிளாட்பாகும் கொலோனும் புள்ளிகளில் சமம். கோல் வித்தியாசத்தில் கொலோன் பத்து கோல் முன்னால் இருந்தது. அதை எட்டிப்பிடிக்க கிளாட்பாக் கோல்மழை பொழிய வேண்டும். எதிரில் இழப்பதற்கு எதுவுமில்லாத டார்ட்முண்ட், பயிற்சியாளர் ரேஹாகல். இடைவேளையில் 6-0, முடிவில் 12-0. ஹெய்ங்கஸ் மட்டும் ஐந்து கோல். கொலோன் தன் ஆட்டத்தை 5-0 என்று வென்றதால் பட்டம் அதற்கே போனது. பன்டஸ்லிகாவில் இன்றுவரை அதைவிடப் பெரிய வெற்றி இல்லை. மறுநாளே ரேஹாகலின் வேலை போயிற்று. ‘கோல்மழை’ என்று பொருள்படும்படி அவர் பெயரையே பத்திரிகைகள் திரித்தன. இந்தத் தோல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் இன்னது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிறகு அவர் அமைத்த அணிகள் கோல் வாங்கிய எண்ணிக்கையைப் பார்த்து வாசகர்களே முடிவு செய்யலாம்.

பிரெமன்: 14 ஆண்டுகள்

1981 ஏப்ரலில் அவர் திரும்பி வந்தபோது வெர்டர் பிரெமன் இரண்டாம் பிரிவில் இருந்தது. சில வாரங்களில் மேலேறியது; முதல் பிரிவில் முதல் ஆண்டே ஐந்தாம் இடம். 1982இல் 1860 மியூனிக்கிலிருந்து ரூடி ஃபோலர் வந்தார். 1983இல் ஹாம்பர்கும் பிரெமனும் தலா 52 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பட்டம் ஹாம்பர்குக்கு. 1985இல் மறுபடி இரண்டாம் இடம்.

1986இல் நடந்தது அதைவிடக் கொடுமை. ஏப்ரல் 22, சொந்த மைதானத்தில் பயர்னுடன் ஆட்டம். வென்றால் ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே பிரெமன் சாம்பியன். கோல் இல்லாமல் ஓடிய ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பிரெமனுக்குப் பெனால்டி. அதுவரை பன்டஸ்லிகாவில் ஒரு பெனால்டியையும் தவறவிடாத மிக்கேல் குட்சோப் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அதன் பிறகும் கதவு மூடவில்லை; கடைசி ஆட்டத்தில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு டிரா போதும். அங்கே 2-1 என்று தோற்றார்கள். அதே நாளில் பயர்ன் 6-0 என்று கிளாட்பாகை வென்றது. இரு அணிக்கும் 49 புள்ளி, மறுபடியும் கோல் வித்தியாசம்.

எல்லோரும் அந்தப் பெனால்டியையே பேசுகிறார்கள். எங்கள் பார்வையில் அந்த ஆண்டின் கோல் கணக்குதான் முக்கியம். பிரெமன் 83 அடித்தது, 41 வாங்கியது. பயர்ன் 82 அடித்தது, 31 வாங்கியது. அடிப்பதில் பிரெமன் ஒரு கோல் மேலே. கூடுதலாக வாங்கிய பத்துக் கோலில் பட்டம் போயிற்று.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரேஹாகல் செய்த வேலை முழுக்கப் பின்வரிசையில்தான். நார்வேயின் ரோசன்போர்கிலிருந்து ரூனே பிராட்செத்தை அழைத்து வந்து லிபரோ ஆக்கினார்; யாரையும் பிடிக்காமல் மற்ற தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் தனியே நிற்பவர்தான் லிபரோ. உயரமானவர், அந்த உயரத்துக்கு எதிர்பார்க்க முடியாத வேகம் கொண்டவர். அவருக்கு முன்னால் நடுக்களத்தில் அட்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து வந்திருந்த மிர்கோ வோட்டாவா, கோலில் ஒலிவர் ரெக். 1987இல் ஃபோலர் ரோமாவுக்குப் போனார். அணியின் தலையாய கோலடிப்பாளரே போய்விட்ட பிறகு, 1987-88இல் பிரெமன் 61 கோல்தான் அடித்தது. ஆனால் 34 ஆட்டங்களில் வாங்கியது 22. பன்டஸ்லிகாவில் அந்தச் சாதனை இருபது ஆண்டுகள் நின்றது. பயர்னைவிட நான்கு புள்ளி கூடுதலாகப் பெற்று பிரெமன் சாம்பியன் ஆனது.

‘கட்டுப்பாடான தாக்குதல்’ என்று அவர் பெயரிட்ட முறை இதுதான். அவரை வெறும் தடுப்பாட்டப் பயிற்சியாளர் என்பவர்கள் பிரெமனின் ஐரோப்பியக் கோப்பை இரவுகளை மறந்துவிடுகிறார்கள். 1987இல் மாஸ்கோவில் ஸ்பார்டாக்கிடம் 1-4 தோற்றுவிட்டு ஊரில் 6-2. 1988இல் டைனமோ பெர்லினிடம் 0-3, ஊரில் 5-0. 1989இல் மாரடோனாவின் நாப்போலி மேல் 5-1. பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அணியால் இதெல்லாம் முடியாது.

ஆள் எடுப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் முடிந்துவிட்டார் என்று ஒதுக்கிய மூத்த வீரர்களை எடுப்பார். மான்ஃப்ரெட் பர்க்ஸ்முல்லர் 35 வயதில் வந்து 38 வயதில் சாம்பியன் ஆனார். கிளவுஸ் அல்லோஃப்ஸ் 33 வயதில் வந்தார். 1992 மே 6 அன்று லிஸ்பனின் லூஸ் மைதானத்தில் மொனாக்கோவை 2-0 என்று வென்று கோப்பை வென்றோர் கோப்பையை எடுத்தபோது, முதல் கோல் அல்லோஃப்ஸ் அடித்தது, இரண்டாவது விண்டன் ரூஃபர். எதிரணிப் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர். 1991, 1994இல் ஜெர்மன் கோப்பை, 1993இல் பயர்னை ஒரு புள்ளியில் முந்தி இன்னொரு லீக் பட்டம்.

மேலாளர் வில்லி லெம்கே பணத்தையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். ஆட்டம், அணி, பயிற்சி ஆகியவற்றில் ரேஹாகல் வைத்ததே சட்டம். கையருகே வந்த பட்டம் மூன்று முறை நழுவியும் அவரை யாரும் வெளியேற்றவில்லை. வேறு பல அணிகளில் 1986 மே மாதமே அவர் கதை முடிந்திருக்கும்.

பயர்ன், அதோடு ஹெர்தா

1995 கோடையில் பயர்ன் அவரை அழைத்தது. கிளின்ஸ்மான், ஹெர்சோக், ஸ்ஃபோர்சா, ஸ்ட்ரன்ஸ் புதிதாக வந்தார்கள். மத்தேயஸ், ஷோல், கான், ஹெல்மர், பாப்பான் ஏற்கெனவே இருந்தார்கள். தொடக்கம் அருமை: முதல் ஏழு லீக் ஆட்டங்களும் வெற்றி. பிறகு சரிவு. 1996 ஏப்ரல் 27 அன்று சொந்த ஊரில் ஹன்சா ரோஸ்டாக்கிடம் 0-1 என்று தோற்றதும் அவரை நீக்கினார்கள். யுஏஃபா கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. அரையிறுதியில் பார்சலோனாவை வென்று அணியை இறுதிக்குக் கொண்டுவந்தவர் அவர். கோப்பையை எடுத்தபோது பயிற்சியாளர் இருக்கையில் இருந்தவர் சங்கத்தின் தலைவர் பெக்கன்பவர்.

இங்கே எது பிசகியது? பிரெமனில் அவருக்கு மேலே ஒரு கால்பந்து வல்லுநர் இல்லை. பயர்னில் பெக்கன்பவர், ஹோனஸ், ரூமனிகே என்று மூன்று பேர். மூவரும் உலகத் தரத்தில் ஆடியவர்கள், மூவரும் பத்திரிகைக்குப் பேசுகிறவர்கள். பதினோரு பேர் கொண்ட அணியில் இடமிருப்பதாக நம்பிய வீரர்களோ அதைவிட மிக அதிகம். பெஞ்சில் உட்காரும் ஒவ்வொரு பெரிய பெயரும் மறுநாள் செய்தி. மூத்த வீரர்களைத் தனியே அழைத்துப் பேசி நம்பிக்கை கொடுத்து வேலை வாங்குவது ரேஹாகலின் பலம். தங்கள் இடத்தைத் தங்கள் உரிமையாக நினைக்கும் இருபது பேரிடம் அது எடுபடாது. சங்கம் வேறு பொறுமை காட்டத் தயாராக இல்லை.

2012இல் ஹெர்தா பெர்லினில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது அவருக்கு 73 வயது. பிப்ரவரியில், கீழிறங்கும் அபாயத்தில் இருந்த அணியை ஏற்றார். மீதி 12 லீக் ஆட்டங்கள். ஆள் எடுக்கும் காலம் முடிந்துவிட்டது, கோடைக்காலத் தயாரிப்பு இல்லை, பின்வரிசையை மாற்றிக் கட்ட வழியில்லை. பதினாறாம் இடத்தில் முடித்து, இரண்டாம் பிரிவு அணியான டியூசல்டார்ஃபுடனான இரண்டு தகுதிகாண் ஆட்டங்களில் 1-2, 2-2 என்று மொத்தக் கணக்கில் தோற்று ஹெர்தா கீழிறங்கியது. பயர்னில் அதிகாரம் இல்லை, ஹெர்தாவில் காலம் இல்லை.

கைசர்ஸ்லாட்டர்ன்: ஏறிய ஆண்டே பட்டம்

பயர்ன் நீக்கிய சில வாரங்களில், தான் ஆறு ஆண்டு ஆடிய கைசர்ஸ்லாட்டர்னுக்கு வந்தார். அந்த அணி அப்போதுதான் முதல் பிரிவிலிருந்து விழுந்திருந்தது. ஆனால் விழுந்த அணி எல்லாம் பலவீனமான அணி ஆகிவிடாது. விழுந்த ஒரு வாரத்தில் ஜெர்மன் கோப்பையை வென்ற அணி அது. பிரேமே, கட்லெட்ஸ், குக்கா, மார்ஷல், வாக்னர் போன்றோர் இரண்டாம் பிரிவிலும் கூடவே இருந்தார்கள். ‘ஏறி வந்த அணி’ என்ற சொல்லை மட்டும் பார்த்து 1998ஐ அற்புதம் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் தரத்து அணி ஓர் ஆண்டு முழுக்க இரண்டாம் பிரிவில் ஜெயித்துப் பழகி, கலையாமல் மேலே வந்தது. அதோடு 1997இல் இன்டர் மிலானிலிருந்து ஸ்ஃபோர்சா திரும்பினார். பயர்னில் ரேஹாகலிடம் ஆடியவர். இங்கே அவரைத் தலைவர் ஆக்கி நடுக்களத்தையே கையில் கொடுத்தார்.

அமைப்பு 3-5-2. பின்னால் லிபரோ கட்லெட்ஸ், அவருக்கு முன்னால் ஆளைப் பிடிக்கும் இரண்டு பேர். இடது ஓரத்தில் வாக்னர், வலது ஓரத்தில் பூக் அல்லது ராட்டின்யோ. ஓரங்களிலிருந்து கிராஸ், நடுவே தலையால் முட்டுவதில் வல்லவரான ஓலாஃப் மார்ஷல். அந்த சீசனில் மார்ஷல் மட்டும் 21 கோல். கெம்னிட்ஸிலிருந்து வந்த இளைஞர் மிக்கேல் பலாக்கை அவசரப்படாமல், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இறக்கினார்.

1997 ஆகஸ்ட் 2, முதல் நாள் ஆட்டமே மியூனிக்கில் பயர்னுடன். 80ஆவது நிமிடத்தில் ஸ்ஃபோர்சாவின் ஃப்ரீ கிக்கை ஷோன்பெர்க் தலையால் முட்டி உள்ளே அனுப்ப, 1-0. நான்காம் வாரம் பட்டியலின் உச்சிக்குப் போன அணி அங்கிருந்து இறங்கவே இல்லை. ஊரில் நடந்த மறு ஆட்டத்திலும் பயர்ன் மேல் 2-0. 1998 மே 2 அன்று வோல்ஃப்ஸ்பர்கை 4-0 என்று வென்று, ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே பட்டம். இறுதிக் கணக்கு: 19 வெற்றி, 11 டிரா, 4 தோல்வி, 68 புள்ளி. பயர்ன் 66. அந்த இரண்டு நேரடி ஆட்டங்களில் மட்டும் ஆறு புள்ளி கைமாறியது என்பதைப் பார்த்தாலே போதும்.

அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போனார்கள். பிறகு மூத்த வீரர்கள் போக, புதிதாக வந்தவர்கள் பொருந்தாமல், ரசிகர்களின் எதிர்ப்பும் வலுத்தது. 2000 அக்டோபரில் விலகினார்.

கிரீஸ்: முறை எப்படி வேலை செய்தது

2001 ஆகஸ்டில் கிரீஸ் தேசிய அணியை ஏற்றார். கிரேக்கம் தெரியாது, உதவிப் பயிற்சியாளர் டோபாலிடிஸ்தான் மொழிபெயர்ப்பாளரும். முதல் ஆட்டம் பின்லாந்திடம் 1-5. அடுத்த மாதம் மான்செஸ்டரில் இங்கிலாந்துடன் 2-2. கூடுதல் நிமிடத்தில் பெக்காம் அடித்த ஃப்ரீ கிக் இல்லாவிட்டால் வென்றிருப்பார்கள். 2004 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களிலும், ஸ்பெயினிடமும் உக்ரைனிடமும், 0-2 தோல்வி. அதன்பின் ஆறு ஆட்டம், ஆறு வெற்றி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. சரகோசாவில் ஸ்பெயினை 1-0 என்று வென்றதும் அதில் சேர்த்தி. மொத்தம் எட்டு ஆட்டத்தில் எட்டே கோல் அடித்துக் குழுவில் முதலிடம்.

2004இல் ஐரோப்பாவின் பெரிய அணிகள் எல்லாம் இடக் காவல் முறைக்குப் போயிருந்தன: தடுப்பாட்டக்காரர் தனக்கான பகுதியைக் காப்பார், யார் அங்கே வந்தாலும் அவரைப் பார்த்துக்கொள்வார். ரேஹாகல் ஆளுக்கு ஆள் காவலையே வைத்திருந்தார். பிரான்சுடன் காலிறுதியில் சைட்டரிடிஸ் பொறுப்பு ஹென்ரி, கப்சிஸ் பொறுப்பு ட்ரெசகே. அவர்கள் எங்கே போனாலும் இவர்களும் போவார்கள். இருவருக்கும் பின்னால் ரோமாவின் டெல்லாஸ், யாரையும் பிடிக்காமல் தனியே நின்று, தப்பி வரும் பந்தை எடுப்பார். அவர்களுக்கு முன்னால் கட்சுரானிஸ், பசினாஸ், ஜாகோராகிஸ் மூவரும் நடுவழியை அடைப்பார்கள். செக் அணிக்கு எதிராக இதே ஏற்பாட்டில் ஆள் மட்டும் மாறியது: நெட்டையான கொல்லருக்குக் கப்சிஸ், வேகமான பரோஷுக்கு சைட்டரிடிஸ்.

இந்த முறைக்கு மூன்று பலவீனம். காவல் இருக்கும் முன்கள வீரர் நடுக்களத்துக்கு இறங்கினால் காவலரும் கூடவே இழுபட்டு, பின்னால் ஓட்டை விழும். எதிரணி ஒரே ஒரு முன்கள வீரரோடு வந்தால் காவலர் ஒருவர் வேலையின்றி நிற்பார், நடுக்களத்தில் ஆள் குறையும். முதலில் கோல் வாங்கிவிட்டால் முன்னேறி ஆட வேண்டியிருக்கும். அப்போது ஆளுக்கு ஆள் கணக்கே குலையும். முதல் இரண்டுக்கும் டெல்லாஸும் கட்சுரானிஸும் மாற்று மருந்து: ஒருவர் பின்னால் மூடுவார், மற்றவர் நடுக்களத்துக்கும் பின்வரிசைக்கும் இடையே ஏறி இறங்குவார். மூன்றாவதற்கு மருந்தே இல்லை. ரஷ்யாவுடன் அதுதான் நடந்தது. இரண்டாவது நிமிடத்திலேயே கிரிச்சென்கோ அடித்தார், 17ஆவது நிமிடத்தில் புலிகின், 0-2.

அந்த ஆட்டத்தின் 43ஆவது நிமிடத்தில் வ்ரிசாஸ் அடித்த கோலை யாரும் கொண்டாடுவதில்லை. கோப்பையையே காப்பாற்றிய கோல் அது. குழு முடிவில் கிரீஸுக்கும் ஸ்பெயினுக்கும் தலா நான்கு புள்ளி, நேரடி ஆட்டம் 1-1, கோல் வித்தியாசமும் இருவருக்கும் பூஜ்யம். கிரீஸ் நான்கு கோல் அடித்திருந்தது, ஸ்பெயின் இரண்டு. வ்ரிசாஸ் அடித்திராவிட்டால் கிரீஸின் கோல் வித்தியாசம் ஒன்று குறைந்து ஸ்பெயின் போயிருக்கும்.

அதன்பின் மூன்று ஆட்டம், மூன்றும் 1-0, மூன்று கோலும் தலையால், மூன்று பந்தும் வலப்பக்கத்திலிருந்து. பிரான்சுக்கு எதிராக 65ஆவது நிமிடம்: ஜாகோராகிஸ் லிசராசுவின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப்போட்டு ஓடிப்போய் கிராஸ் கொடுக்க, கரிஸ்டியாஸ். செக் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் நொடியில் சியார்டாஸ் இடக்காலால் கோலை நோக்கி வளைத்த கார்னர், கிட்டக் கம்பத்தில் டெல்லாஸ். கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிவில் முன்னிலையில் இருக்கும் அணிக்கே வெற்றி என்ற வெள்ளி கோல் விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்த ஆட்டத்தில் செக் தலைவர் நெட்வெட் இடைவேளைக்கு முன்பே காயத்தோடு வெளியேறியிருந்தார். அதிர்ஷ்டம் என்று சொல்வதானால் அதைச் சொல்லலாம். ஜூலை 4, லிஸ்பனில் இறுதி. 57ஆவது நிமிடம், பசினாஸின் கார்னருக்கு போர்த்துகல் கோல்கீப்பர் ரிக்கார்டோ வெளியே வந்து பந்தை எட்டவில்லை, கரிஸ்டியாஸ் எட்டினார். பிரெமனில் ஆடிக்கொண்டிருந்த வீரர் அவர்.

மூன்றையும் அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. கிராஸும் கார்னரும் கைசர்ஸ்லாட்டர்னில் மார்ஷலுக்குப் போன அதே பாதை. ஒரே வழியில் கோல் அடிக்கும் அணியைத் தடுப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் எதிரணி அந்த ஒரு கோலுக்கு முன்போ பின்போ தானும் ஒன்று அடித்தாக வேண்டும், அதுதான் யாராலும் முடியவில்லை. ரஷ்யாவுக்குப் பின் கிரீஸ் கோலே வாங்கவில்லை.

கோப்பைக்குப் பின்

அதே மாதம் ஜெர்மன் தேசிய அணிப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. மறுத்துவிட்டு கிரீஸிலேயே இருந்தார். 2006 உலகக் கோப்பைக்குக் கிரீஸ் தகுதி பெறவில்லை. சாம்பியனாகப் போய் ஆடிய இரண்டாவது மாதமே திரானாவில் அல்பேனியாவிடம் 1-2. காரணம் எளிது. இப்போது எதிரணிகள் முன்னேறி வரவில்லை. பந்தைக் கிரீஸிடமே கொடுத்துவிட்டுக் காத்திருந்தன. 2008 ஐரோப்பியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. சுவீடனுக்கு எதிராகப் பின்வரிசையில் ஐந்து பேரை வைத்து அவர்களுக்குள்ளேயே பந்தை மாற்றிக்கொண்டிருந்த முதல் பாதிதான் அவர் முறையின் மிக மோசமான முகம்.

பிடிவாதக்காரர் என்ற பெயரோடு 2010 உலகக் கோப்பைக்குப் போனார். இரண்டாவது ஆட்டம் நைஜீரியாவுடன். உலகக் கோப்பையில் கிரீஸ் அதுவரை ஒரு கோல்கூட அடித்ததில்லை. 1994இல் மூன்று ஆட்டத்தில் பத்து கோல் வாங்கியிருந்தது, 2010இன் முதல் ஆட்டத்திலும் தென்கொரியாவிடம் 0-2. நைஜீரியா முந்தியது. 33ஆவது நிமிடத்தில் கைட்டாவுக்கு சிவப்பு அட்டை. நான்கு நிமிடம் கழித்து, இடைவேளைக்குக்கூடக் காத்திராமல், ரேஹாகல் பின்வரிசையிலிருந்து பபஸ்தத்தோபுலஸை எடுத்துவிட்டு முன்களத்துக்கு சமராஸை அனுப்பினார். பத்துப் பேராகிவிட்ட எதிரணிக்கு அத்தனை காவலர் தேவையில்லை என்று கணக்குப் போட்டார். 44ஆவது நிமிடத்தில் சல்பிங்கிடிஸ் அடித்தார், 71ஆவது நிமிடத்தில் டொரோசிடிஸ். உலகக் கோப்பையில் கிரீஸின் முதல் கோலும் முதல் வெற்றியும் அவை. அர்ஜென்டினாவிடம் 0-2 தோற்று வெளியேறியதும், ஒன்பது ஆண்டு வகித்த பொறுப்பிலிருந்து அவர் விலகினார். அணி ஃபெர்னாண்டோ சாந்தோஸ் கைக்குப் போயிற்று.